சம்மதத்துக்கு அப்புறம்: ஓர் ஆலிமாவின் முதுகலைப் படிப்பு

மேல்படிப்புக்கு வந்த முஸ்லிம் பெண் பாதியில் நின்றுவிட்டால், கல்லூரிப் பதிவேட்டில் "குடும்பச் சூழல்" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுகிறோம். வீட்டில் விடவில்லை, கட்டுப்பாடு அதிகம் என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு வரி போதாது என்பதால்தான் இந்த நிகழ்வு ஆய்வை எழுதுகிறேன். இதில் வரும் பெண்ணுக்கு வீட்டுச் சம்மதம் ஒரே போன் பேச்சில் கிடைத்தது. பிறகு இரண்டு வருடம் அவரைப் படுத்தியவை வேறு.

மேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2022-ல் மதுரைக் கல்லூரி ஒன்றில் சமூகப்பணி முதுகலையில் சேர்ந்தபோது வயது 29, ஒரு பெண் குழந்தை. அந்தத் துறையில் நான் களப்பணி மேற்பார்வையாளர். அவர் ஒப்புதலோடு எழுதுகிறேன். பெயர், ஊர், கல்லூரி, மதரஸா எதையும் சொல்லவில்லை. அவர் பாடம் நடத்தும் நிஸ்வான் (பெண்கள்) மதரஸாவில் பிள்ளைகள் அவரை ஆலிமா, அதாவது மார்க்கக் கல்வி கற்ற பெண், என்று கூப்பிடுகிறார்கள். நானும் இங்கே அப்படியே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

தமிழ் முஸ்லிம்களில் ஒரு பிரிவான ராவுத்தர் குடும்பம். அத்தா (அப்பா) சந்தை சந்தையாகத் துணி வியாபாரம் பார்த்தவர். வீட்டில் மூன்று பெண்கள், இவர் நடுப்பெண். அரசுப் பள்ளியில் பிளஸ் 2 முடித்தார். அதன் பிறகு பெண்கள் அரபுக் கல்லூரியில் மூன்று வருட ஆலிமா படிப்பு. அது நடக்கும்போதே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழும் எழுதி முடித்துவிட்டார். பிறகு நிக்காஹ். கணவருக்கு ரியாத்தில் கடை வேலை. மாமியார் வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்து நிஸ்வான் மதரஸாவில் பகலில் வகுப்பு, மக்ரிப் என்னும் அந்தித் தொழுகைக்கு முன்னும் பின்னும் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது என்று இருந்தவர்.

பிளஸ் 2 முடித்த பிறகு ஆலிமா படிப்புக்குப் போனார் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நிகழ்வு முழுக்க அதைச் சுற்றித்தான்.

அவர் கொண்டுவந்த கேள்வி

சேர்க்கைக்கு முன்பே துறைக்கு வந்து என்னைப் பார்த்தார். எந்தப் படிப்பு படித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்க வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் கேட்டது: "மேடம், எங்க மதரஸாப் பிள்ளைங்க படிப்பு மாறணும். அதுக்கு நான் என்ன படிக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருந்தது. மதரஸாவில் படித்து முடித்து ஸனது (சான்றிதழ்) வாங்கிய ஒரு பெண், அங்கன்வாடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறாள். துணைக்கு ஆலிமா. கம்ப்யூட்டரில் இருந்த பையன் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் நின்று, "பத்தாவதுதானா? அதுக்கப்புறம்?" என்று கேட்டிருக்கிறான். ஸனதை எடுத்து நீட்டினாள். பச்சை பார்டர் போட்ட, அரபியிலும் தமிழிலும் அச்சடித்த கெட்டிக் காகிதம். பையன் மரியாதையாகத்தான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அக்கா, லிஸ்ட்ல இது இல்லையே" என்றான். ஐந்து வருடம் இலக்கணம், தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை), ஹதீஸ் (நபிமொழி), சட்டம் என்று படித்த பெண் பத்தாம் வகுப்புக்காரியாகப் பதிவானாள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்ததும் ஆலிமா படிப்புக்குப் போகிற பெண்கள் பலர் பிளஸ் 2-வை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஆசை வந்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 இரண்டையும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அப்படியானால் பிளஸ் 2 இல்லாத பட்டதாரிப் பெண், ஆசிரியர் வேலை கனவோடு வரிசையில் நின்றால், முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பப்படுவாள். பட்டம் வாங்கிய பிறகு பிளஸ் 2 எழுதினாலும் வரிசை மாறிவிட்டது என்ற சிக்கல். இது மதத்தால் வந்த தடை இல்லை. படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 15, 16 வயதில் சரியான வரிசையை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

முஸ்லிம்கள் பெண்களைப் படிக்க வைப்பதில்லை என்ற பேச்சு தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பொத்தாம்பொதுவானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே முஸ்லிம்களின் எழுத்தறிவு மாநிலச் சராசரியைவிட மேலேதான் இருந்திருக்கிறது. பெண்கள் பள்ளிக்கு வருகிறார்கள். பள்ளி முடிந்து மேலே போகும் இடத்தில்தான் கழன்றுகொள்கிறார்கள். ஆலிமாவின் கேள்வி அந்தச் சரியான இடத்தைத் தொட்டது. அதனால்தான் இந்த நிகழ்வைத் தொடர்ந்து கவனிக்க முடிவு செய்தேன்.

எந்தப் படிப்பு

மதுரையில் பெண்கள் முதுகலை படிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. 1948-ல் தொடங்கிய லேடி டோக், 1953-ல் வந்த பாத்திமா, கோரிப்பாளையத்தில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, கே.கே. நகரில் 1964-ல் தொடங்கிய வக்பு வாரியக் கல்லூரி, எல்லாவற்றுக்கும் மேலே 1966-ல் வந்த பல்கலைக்கழகம். முஸ்லிம் பெண்களுக்கென்றே கீழக்கரையில் 1988 முதல் தாசிம் பீவி கல்லூரி இருக்கிறது. இடம் இருக்கிறது, எதைப் படிப்பது என்பதுதான் கேள்வி.

வீட்டில் எல்லாரும் சொன்னது பி.எட். "டீச்சராயிடலாம், கௌரவமா இருக்கும்." எம்.ஏ. தமிழை மறுபடியும் தபாலில் போட்டுவிடலாம் என்பது இன்னொரு யோசனை. வீட்டிலிருந்தே எழுதலாம், யாருக்கும் தொந்தரவில்லை. என் கருத்தை அவரிடம் நேராகவே சொன்னேன். பி.எட். அவரை ஒரு நல்ல ஆசிரியராக்கும்; அவர் ஏற்கெனவே நல்ல ஆசிரியர்தான். அவர் மாற்ற நினைப்பது ஒரு ஏற்பாட்டை. அதற்கு வீடு வீடாகப் பேசவும், கேட்டதை எழுதித் தொகுக்கவும், அதிகாரிகள் முன்னால் காகிதத்தோடு உட்காரவும் பழக்கம் வேண்டும். சமூகப்பணிப் படிப்பில் வாரம் இரண்டு நாள் களப்பணி கட்டாயம். அந்தப் பழக்கம் அங்கேதான் வரும்.

அன்று ராத்திரியே ரியாத்துக்குப் பேசினார். "படி, எனக்கென்ன. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு" என்றாராம் கணவர். மாமி கேட்டது ஒரே கேள்வி: "புள்ளைய ஸ்கூல்லருந்து யாரு கூப்பிட்டு வர்றது?" நான் பார்த்த வரையில், மொத்த நிகழ்விலும் மிகச் சரியான கேள்வி அதுதான்.

பணமும் சான்றிதழும்

தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஆலிமாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழில் "முஸ்லிம் ராவுத்தர்" என்று இருந்தது. அரசுப் பட்டியலில் இருப்பது "லெப்பை, ராவுத்தர் மற்றும் மரைக்காயர் உட்பட" என்ற ஒரே பதிவு. விண்ணப்பத்தில் எதைத் தேர்வு செய்வது என்று தெரியாமல் ஒருமுறை திரும்பி வந்து, மறுபடி போட்டு வாங்கினோம். மாணவிகளுக்கு வழிகாட்டுகிறவர்கள் பட்டியலில் இருக்கும் பதிவை அப்படியே எழுதிக் கொடுத்தனுப்பினால் பாதி அலைச்சல் குறையும்.

பணம்தான் பெரிய பாடு. புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளங்கலையோடு நின்றுவிடும். சிறுபான்மையினருக்கான டாம்கோ நிறுவனத்தில் கல்விக் கடன் உண்டு என்றேன். மாமா முகம் மாறியது. குறைந்த வட்டியானாலும் வட்டி வட்டிதான், வேண்டாம் என்றார். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்குகிற சக ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடன் வாங்க மறுப்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை; அதற்குள் நின்று வழி தேடுவதுதான் எங்கள் வேலை.

வழி அவர்கள் தெருவிலேயே இருந்தது. பள்ளிவாசலைச் சேர்ந்த மக்களின் அமைப்பான ஜமாஅத்தின் பைத்துல்மால் என்னும் பொது நிதியில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கும், நிக்காஹுக்கும், பையன்களின் இன்ஜினியரிங் ஃபீசுக்கும் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமான ஒரு பெண் முதுகலைக்குக் கேட்டது அதுவே முதல் தடவை. நிர்வாகிகள் யோசித்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் (இமாம்) பேசிய பிறகு முதல் வருடக் கட்டணம் வந்தது. தேவையென்று முன்னால் போய்க் கேட்டால் ஜமாஅத் கொடுக்கும் என்பதற்கு இது ஒரு ஆதாரம். கேட்க வைப்பதுதான் கடினம்.

இரண்டு வருடம்

முதல் பருவத்தின் நடுவில் மதிப்பெண் சரிந்தது. நான் செய்த முதல் வேலை, அவரது ஒரு நாளை மணி வாரியாக எழுதச் சொன்னது. ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்கு எழுந்திருப்பது, காலைச் சமையல், மதியத்துக்கும் சேர்த்துக் குழம்பு, பிள்ளையைக் கிளப்பிப் பள்ளியில் விடுவது, பஸ். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்துக்குக் காத்திருந்தால் வகுப்பு போய்விடும். காசு கொடுத்துப் புறநகர்ப் பேருந்தில் ஏறினால் மாட்டுத்தாவணியில் இறங்கி இன்னொரு பஸ். சாயங்காலம் வீடு சேர்ந்ததும் ஓதிக்கொடுக்கும் வகுப்பு. இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, புத்தகத்தைத் திறக்கும்போது பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும், அம்மா பக்கத்தில் வேண்டும். படிப்புக்கு என்று அந்தத் தாளில் மிஞ்சியது அரை மணி நேரம்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு மாமியிடம் பேசினோம். அவரிடம் குற்றம் சொல்லவில்லை. தாளை வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலைச் சமையல நான் பாத்துக்கறேன், ராத்திரிக்கு அவ பாக்கட்டும்" என்றார். சாயங்கால வகுப்பைத் தங்கையிடம் பாதி நாள் ஒப்படைத்தார்கள். களப்பணிக்கு மதுரையின் மறுகோடியில் இருந்த நிறுவனத்தை மாற்றி, மேலூர்ப் பக்கமே ஓர் அரசுப் பள்ளியை ஒதுக்கினேன். இதற்குத் துறையில் எதிர்ப்பு வந்தது. ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். கேட்கட்டுமே! குழந்தை வைத்துக்கொண்டு படிக்க வருகிற எந்தப் பெண்ணும் அதைக் கேட்கலாம் என்பதே என் நிலைப்பாடு.

கிராமத் தங்கல் முகாம் வந்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. பல ராத்திரி வெளியூரில். ஆலிமாவே போகத் தயங்கினார். ஊரில் நாலு பேர் பேசினால் மதரஸாவில் தன் சொல்லுக்கு மதிப்பு போய்விடும் என்றார். அவர் செய்ய நினைத்த காரியத்துக்கு அந்த மதிப்புதான் முதலீடு. ஆகவே அவர் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. மறுபடியும் வழி சொன்னது மாமிதான்: பிள்ளை என்னிடம் இருக்கட்டும், மருமகளுக்குத் துணையாக அவள் அம்மா போகட்டும். மாணவிகள் தங்கிய பள்ளிக் கட்டடத்திலேயே அவர் அம்மாவும் தங்கக் கல்லூரி அனுமதித்தது. அந்த அம்மாவால் முகாமுக்கே லாபம். எங்கள் மாணவிகளிடம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன ஊர்ப் பெண்கள், வெற்றிலை மடித்தபடி அவரிடம் தங்கள் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டினார்கள்.

முதல் வருடம் முடியுமுன்பே இன்னொரு கதவு சாத்தப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சிறுபான்மையினருக்கென்று 2009-10 முதல் இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. மற்ற உதவித்தொகைகளோடு ஒன்றன்மேல் ஒன்று வருகிறது என்பது சொன்ன காரணம். முதுகலை முடித்து அந்த உதவித்தொகையில் ஆய்வு என்றுதான் ஆலிமா கணக்குப் போட்டிருந்தார். நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் முதுகலை மாணவர் 50 பேரில் ஒருவர்தான் முஸ்லிம் என்று 2006-ல் சச்சார் குழு சொன்னது. அந்தக் கணக்கில் ஒரு பெண்ணைக் கூட்டுவதற்கு இத்தனை கைகள் தேவைப்பட்ட வீட்டில், இந்த அறிவிப்பு எப்படி விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆய்வேடு

பிளஸ் 2 இல்லாமல் ஆலிமா படிப்பில் இருக்கும் பெண்களைப் பற்றியே அவர் ஆய்வேடு. மாணவிகள், பெற்றோர், நிர்வாகிகள் என்று நேர்காணல். வெளியிலிருந்து போகும் ஆய்வாளருக்குத் திறக்காத வீடுகள் இவருக்குத் திறந்தன. பெற்றோர் பிளஸ் 2 வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள் என எதிர்பார்த்துப் போனார். அவர்கள் சொன்னது வேறு: மதரஸாவில் சேர்த்தால் பள்ளியை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தோம். நிர்வாகிகளோ, தேர்வு நேரம் எங்கள் தேர்வோடு மோதுகிறதே என்றார்கள்.

அந்த மோதலை அவர் மேலோட்டமாக விட்டுவிடவில்லை. இந்த நிகழ்வின் திருப்பம் அதில்தான் இருக்கிறது. மதரஸாக்களின் கல்வியாண்டு பிறைக் கணக்கில் ஓடுவது. ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் தொடங்கி, ரமலானுக்கு முந்தின மாதமான ஷஅபானில் ஆண்டுத் தேர்வு, ரமலானில் விடுமுறை. பிறையாண்டு ஆங்கில ஆண்டைவிட சுமார் 11 நாள் குறைவு என்பதால் எல்லாம் வருடா வருடம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அரசுப் பொதுத்தேர்வோ மார்ச்சை விட்டு அதிகம் நகராது. ஆலிமா இரண்டு நாள்காட்டிகளையும் ஒரே தாளில் வரைந்தார். 2023-ல் ஷஅபான் பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் 23 வாக்கு வரை. பிளஸ் 2 தேர்வு தொடங்கியது மார்ச் 13. நேருக்கு நேர் மோதல். 2024-லும் மார்ச் முதல் பத்து நாள் இடித்தது. ஆனால் 2025-ல் ரமலான் மார்ச் 2 வாக்கில் பிறக்கும் என்று தெரிந்தது. ரமலான் என்றால் மதரஸா விடுமுறை. பொதுத்தேர்வு முழுக்க விடுமுறைக்குள் விழும். அடுத்த சில வருடங்களுக்கும் ஷஅபான் பிப்ரவரிக்கும் அதற்கு முன்னாலும் போய்விடும். மோதல் தானாகவே விலகுகிறது.

அந்த ஒரு தாளோடுதான் மதரஸா நிர்வாகக் குழு முன்னால் உட்கார்ந்தார். கல்வியின் சிறப்பு பற்றி அவர்களிடம் பேச வேண்டிய அவசியமில்லை, அது அவர்களுக்கே தெரியும். கல்வியைத் தேடுவது கடமை என்ற நபிமொழி அந்த அறைச் சுவரிலேயே எழுதியிருந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தேதி. மூத்த நிர்வாகி ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் மார்ச் மாதத்தின் மேல் கோடு இழுத்துப் பார்த்தார். "நோன்பு வச்சுக்கிட்டுப் பரீட்சை எழுத முடியுமா, பிள்ளைங்களுக்கு?" என்றார். ஸ்கூல் பிள்ளைங்க எழுதுறாங்களே அத்தா, என்று ஆலிமா சொன்னதும், அதற்கு மேல் ஆட்சேபம் வரவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அவர் ஃபாத்திமா பீவியைப் பற்றிப் பேசினார். ராவுத்தர் குடும்பத்தில் பிறந்து, அத்தா சொல்லி சட்டம் படித்து, 1989-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பிறகு தமிழ்நாட்டுக்கே ஆளுநராக வந்தவர். பின்வரிசையில் இருந்த அத்தாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்தன. விருப்பப்பட்ட பிள்ளைகள் தனித்தேர்வராக பிளஸ் 1 எழுத அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பித்தார்கள். செய்முறைத் தேர்வு இல்லாத பாடப்பிரிவு. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல். தேதி தெரியாமல் தவறவிட்ட சிலர் கூடுதல் கட்டணத்தோடு தக்கலில் போட்டார்கள். பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம் மதரஸாவிலேயே பாடம். எங்கள் துறை மாணவிகள் முறை வைத்துப் போய் நடத்தினார்கள். 2025 மார்ச்சில், நோன்போடு, பிளஸ் 1 எழுதினார்கள்.

இப்போதைய நிலை

ஆலிமா 2024-ல் முதல் வகுப்பில் முதுகலை முடித்தார். அந்த ஜூன் 18 அன்று, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வுக்குமான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதினார். மறுநாளே தேர்வு ரத்து என்று செய்தி வந்தது. பிள்ளையை அம்மா வீட்டில் விட்டு, மாதக்கணக்கில் தயாரித்து எழுதிய தேர்வு! ஆகஸ்டு, செப்டம்பரில் நடந்த மறுதேர்வில் மீண்டும் எழுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றார். மாதம் 37,000 ரூபாய் தரும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கு மதிப்பெண் எட்டவில்லை. சேர்க்கைக்கான தகுதிக்கு ஓராண்டுதான் ஆயுள்.

உதவித்தொகை இல்லாமல் முழுநேர ஆய்வில் சேரச் சொல்லி நான் அவரை வற்புறுத்தவில்லை. மறுபடி நெட் எழுதி உதவித்தொகையோடு சேர்வதே நல்லது என்பது என் கருத்து. பெண் ஆய்வாளர்களுக்கு முடிக்கும் காலத்தில் கூடுதல் அவகாசமும், பேறுகாலம் மற்றும் குழந்தை வளர்ப்புக்கென 240 நாள் வரை விடுப்பும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியிலேயே இருக்கிறது; அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டாவது முறை தயாரிக்கும்போது அந்த மணி வாரித் தாளை மாமியே கேட்டு வாங்கிப் பார்த்தார் என்று ஆலிமா சொன்னார்.

மதரஸா அவருக்குப் பள்ளிக்கல்விப் பொறுப்பு என்று தனியாக ஒரு வேலையும், சம்பளத்தில் சிறு உயர்வும் கொடுத்திருக்கிறது. புதிதாகச் சேர வரும் பிள்ளைகளிடம் சேர்க்கைப் படிவத்திலேயே பிளஸ் 2 பற்றிக் கேட்கும் கட்டம் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் இன்னும் சில நிஸ்வான்கள் அவரைக் கூப்பிட்டிருக்கின்றன. எங்கள் துறையில் களப்பணி நிறுவனங்களின் பட்டியலில் நிஸ்வான் மதரஸா ஒன்றைச் சேர்க்கக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழந்தையுள்ள மாணவிகளுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே களம் ஒதுக்க வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்திருக்கிறேன். அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.